பழைய செடான் கார் மக்கர் பண்ணினால்: எப்பம் வருது, எங்க வச்சு வருது?

என்னிடம் இருப்பது 2010 மாடல் பெட்ரோல் செடான் கார். 1.5 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர், டிஎன் 72, அதாவது திருநெல்வேலி நம்பர். ஓடோமீட்டர் 1,40,000-ஐ நெருங்கிவிட்டது. குடியிருப்பு பாளையங்கோட்டை, சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம், மாமனார் வீடு அம்பாசமுத்திரம். இந்த மூன்றுக்கும் நடுவில் ஓடினாலே ஒரு வண்டி பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிடும். தேரிச் செம்மண், உவரிக் கடற்காற்று, நாலுவழிச் சாலை, வயல் எலி, ஜங்ஷன் நெரிசல். 2025-ல் 15 வருஷம் முடிந்து, எஃப்.சி. காட்டி, ஆர்.சி.யை இன்னும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தும் ஆயிற்று. ஆகவே இப்போதைக்கு விற்கிற யோசனை இல்லை.

பேட்டையில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர்தான் வண்டியைப் பார்ப்பார். “காயில் போயிட்டுன்னு நினைக்கேன், மாத்திருவோமா?” என்று போய் நின்றால் அவருக்குப் பிடிக்காது.

“என்ன மாத்தணுங்கத நீங்க சொல்லாதீங்க அண்ணாச்சி. எப்பம் வருது, எங்க வச்சு வருது, என்ன செஞ்சா நிக்குது, இது மூணையும் சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்.”

அவர் சொன்னதை நான் சரியாகக் காதில் வாங்க நாலு வருஷம் ஆனது. இந்த வண்டிக்கு நான் செய்த செலவில் பாதி, கெடாத சாமானை மாற்றியதற்குத்தான். கீழே இருப்பது அவர் கேட்கும் அதே வரிசையில் நான் எழுதி வைத்துக்கொண்டது. டீசல் வண்டிக்காரர்கள் பெட்ரோலைப் பற்றவைக்கிற பிளக், காயில் பேச்சையும் எத்தனால் பேச்சையும் விட்டுவிடலாம், மற்றது பெரும்பாலும் பொதுதான்.

சாவியைத் திருப்பினால் ‘டக்’, அதோடு சரி

செல்ஃப் சுற்றவில்லை, ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும். தெருவில் நிற்கிற எல்லோரும் “பேட்டரி காலி” என்பார்கள். பல தடவை அது சரியாகவும் இருக்கும். ஆனால் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். லைட் அப்படியே செத்துப்போனால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, இல்லாவிட்டால் டெர்மினல் பிடிமானம் இல்லை. லைட் மங்காமல் எரிந்துகொண்டே ‘டக்’ மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டாரையும் அதற்குக் கரண்ட் விடுகிற சுவிட்சான சொலினாய்டையும் பாருங்கள். லைட்டும் பளிச், சத்தமும் இல்லை என்றால் கிளட்சை முழுக்க மிதித்தீர்களா? சில வண்டிகளில் கிளட்ச் பெடலுக்கு மேலே ஒரு சுவிட்ச் உண்டு. அது அழுந்தாமல் செல்ஃப் வேலை செய்யாது. தரைவிரிப்பு சுருண்டு பெடலுக்கு அடியில் போனதால் ஒரு கல்யாண வீட்டு வாசலில் அரை மணி நேரம் நின்றவன் நான்.

எலக்ட்ரிக் கடையில் கிடைக்கிற சாதாரண மல்ட்டிமீட்டர் ஒன்று வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைவாக இருக்கிறது. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6-க்குக் கீழே விழுந்தால், முழு சார்ஜ் ஏற்றி இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் விழுந்தால் பேட்டரியின் ஆயுசு முடிகிறது. எஞ்சின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். 12.4-லேயே கிடந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. பட்டறையில் இன்னும் டைனமோ என்றுதான் சொல்வார்கள். அதைச் சரிபண்ணாமல் புதுப் பேட்டரி போட்டால் இரண்டு நாளில் அதே கதை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரி உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு பேட்டரி மூன்று, நான்கு வருஷம் உழைத்தால் போதும். அதற்கு மேல் ஓடுவது போனஸ்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், ஆப்பசோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றிப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, காய்ந்த பின் வாஸ்லைன் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இதை மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

இப்போது என் கதை. 2019-ல் ஸ்டார்டிங் தொந்தரவு. முதலில் பேட்டரி மாற்றினேன். ஒரு வாரம் நன்றாக இருந்தது. பிறகு வேறொரு பட்டறையில் செல்ஃப் மோட்டாரை இறக்கிப் புதிதாகப் போட்டார்கள். ஒரு மாதம் ஓடியது. மழை பெய்த மறுநாள் மறுபடியும் ‘டக்’. பேட்டை அண்ணாச்சி வந்து மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்விலும் மறு முனையை எஞ்சின் இரும்பிலும் வைத்து, என்னை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அங்கே அரை வோல்ட் கூட இருக்கக் கூடாது. எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் வயர் கடற்காற்றில் அரித்து, நாலு இழை மட்டும் மிச்சம். புது வயர் 250 ரூபாய். உவரி, கூடங்குளம், இடிந்தகரைப் பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் பேட்டரியைச் சந்தேகப்படும் முன் அந்த வயரைப் பாருங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் அது வேறு வியாதி. சாவியை ஒரு கட்டம் திருப்பி நிறுத்திவிட்டு, பின் சீட் பக்கம் காதை வையுங்கள். இரண்டு நொடி ‘ம்ம்ம்’ என்று பெட்ரோல் பம்ப் ஓடும் சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் ஃபியூஸ், பிறகு ரிலே. பல வண்டிகளில் ஹாரன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே வகை. எண் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு மாற்றிச் செருகினால் நடுவழியிலேயே விடை கிடைத்துவிடும். சாவிப் படம் போட்ட லைட் விட்டுவிட்டு எரிந்தால் வண்டி உங்கள் சாவியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. இன்னொரு சாவியால் முயன்று பாருங்கள்.

டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

எங்கே ஏறுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

வண்ணாரப்பேட்டை சிக்னலிலும் ஈரடுக்கு மேம்பாலத்துக்கு அடியில் ஊர்ந்து போகும்போதும் மட்டும் ஏறுகிறது, நாலுவழிச் சாலைக்கு வந்தால் தானாக இறங்குகிறது என்றால் ரேடியேட்டர் ஃபேனைப் பாருங்கள். ஓடும்போது எதிர்க்காற்று ஃபேன் செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிடும், நிற்கும்போது அந்தக் காற்று இல்லை. ஏசியைப் போடுங்கள், பெரும்பாலான வண்டிகளில் ஏசி போட்டதும் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, கடைசியில் மோட்டார். மோட்டாரைக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம் விலை.

நேர்மாறாக, ஊருக்குள் ஒன்றுமில்லை, நாங்குநேரி தாண்டி நூறில் போகும்போதோ செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு மலை ஏறும்போதோ ஏறுகிறது என்றால் ஃபேனைத் தொட வேண்டாம். கூலன்ட் குறைந்திருக்கிறது, ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது, சூடானதும் கூலன்டுக்கு வழிவிடுகிற தெர்மோஸ்டாட் வால்வ் முழுதாகத் திறக்கவில்லை, வாட்டர் பம்ப் தள்ளவில்லை, இந்த நான்கில் ஒன்று. ரேடியேட்டர் முன்பக்கத்தில் பூச்சியும் மண்ணும் அப்பியிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். பைப் தண்ணீரை மெதுவாக, எஞ்சின் பக்கமிருந்து வெளியே பார்த்து அடியுங்கள். வாட்டர் வாஷ் கன்னை நேராக நீட்டினால் மெல்லிய தகடெல்லாம் மடங்கிவிடும்.

அடைப்புக்கு எங்கள் ஊர்த் தண்ணீரே ஒரு காரணம். திசையன்விளைப் பக்கத்து போர் தண்ணீரை ஒரு வாரம் ஒரே பாத்திரத்தில் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும். ரேடியேட்டரின் குறுகிய குழாய்களிலும் அதேதான் நடக்கும். பழைய ஆட்கள் “கூலன்ட் எல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம், பச்சத் தண்ணி போதும்” என்பார்கள். அலுமினிய ரேடியேட்டருக்கு அது ஒத்துவராது. கலந்தே விற்கிற கூலன்ட் வாங்குங்கள், இல்லையென்றால் செறிவானதை டிஸ்டில்ட் வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். வழியில் வேறு கதியே இல்லாமல் கடைத் தண்ணீர் ஊற்றினால் தப்பில்லை. ஊருக்கு வந்ததும் இறக்கிவிட்டு மாற்றுங்கள். கூலன்ட் இனிப்பாக இருக்கும், விஷம். இறக்கியதைத் தெருவில் கொட்டினால் நாய் நக்கிவிட்டுச் செத்துப்போகும்.

முள் சிவப்பை நெருங்கும்போது நீங்கள் ரோட்டில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், புளோயரை முழு வேகத்தில் வையுங்கள். மே மாதம் இதைச் செய்தால் உள்ளே இருப்பவர்கள் உங்களைச் சபிப்பார்கள், பரவாயில்லை. எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். முள் அப்படியும் இறங்காவிட்டால் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கிற நீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும். மூடி திறந்த நொடியில் முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரம் பொறுங்கள். கங்கைகொண்டான் பக்கம் ஒரு லாரி டிரைவர் ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திறக்க வந்தார். நல்ல மனுஷன், கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினேன்.

கூலன்ட் வாராவாரம் குறைகிறது, அடியில் சொட்டுக்கூட இல்லை என்றால் மூன்று இடம் பாருங்கள். முன் சீட் காலடியில் தரைவிரிப்பு ஈரமாகி, இனிப்பு வாடை அடித்தால் ஹீட்டர் கோர். வாட்டர் பம்ப்புக்குக் கீழே காய்ந்த கறை வழிந்திருந்தால் பம்ப் சீல். இரண்டுமில்லாமல், சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வந்து, ஆயில் மூடிக்கு அடியில் காபி நுரை மாதிரி இருந்தால் ஹெட் கேஸ்கெட். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கடைக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடுகிற வண்டியில் மழைக்காலத்தில் மூடியடியில் கொஞ்சம் நுரை படியும். அது வெறும் ஈரம். ஆயில் கேஜை இழுத்துப் பாருங்கள். கேஜிலும் ஆயில் பால் போட்ட மாதிரி இருந்தால்தான் கவலை. அப்போது வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துப் போங்கள்.

முள் ஏறுவதே இல்லை, எப்போதும் கீழேயே கிடக்கிறது என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கலாம். எஞ்சின் சூடாகாமலே ஓடி, பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும்.

ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறது

ஆனி, ஆடியில் வள்ளியூர் தாண்டி காவல்கிணறு போகிற பாதையில் வண்டி இடப்பக்கம் தள்ளுகிறது என்று அலைன்மென்ட் பார்க்கப் போனவர்கள் எத்தனை பேரோ. நானும் போயிருக்கிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வருகிற மேல்காற்று அது. சும்மாவா அங்கே அத்தனை காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள்? தெற்கே போகும்போது இடப்பக்கம் தள்ளிய வண்டி, திரும்பி வடக்கே வரும்போது வலப்பக்கம் தள்ளினால் காற்றுதான். வண்டி மேல் பழி போட வேண்டாம்.

இரண்டு திசையிலும், காற்றில்லாத நாளிலும், ஒரே பக்கம் இழுத்தால் முதலில் டயர் காற்று. ஓட்டுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். அளவு டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும், பஞ்சர் கடையில் “முப்பத்தஞ்சு வச்சிரட்டா?” என்பதற்குத் தலையாட்டாதீர்கள். காற்று சரி, இன்னும் இழுக்கிறது என்றால் முன் டயர் இரண்டையும் இடவலம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அம்புக்குறி போட்ட டயரில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில். மாறாவிட்டால் அலைன்மென்ட். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி இறங்கியதும் ஒரு சக்கரத்திலிருந்து மட்டும் அனல் அடித்தால், அங்கே பிரேக் காலிபர் பிடித்தபடியே நிற்கிறது. கையை அருகில் கொண்டு போனாலே தெரியும், தொட்டுப் பார்க்க வேண்டாம்.

இழுக்கவில்லை, எண்பதுக்கு மேல் ஸ்டீயரிங் நடுங்குகிறது, நூற்றைத் தாண்டினால் அடங்கிவிடுகிறது. இது வீல் பேலன்சிங். ரிம்மில் ஒட்டியிருந்த ஈயக்கட்டி விழுந்திருக்கும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கின் கனம் சீராக இல்லை.

டயர் தேய்ந்திருக்கும் விதத்தையும் படிக்கலாம். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்தால் குறைவு. ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட். பட்டை 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றியாக வேண்டும். பழைய செடான்காரர்கள் ஏமாறுவது இங்கே அல்ல, வயதில்தான். வருஷத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடுகிற வண்டியில் பட்டை அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் வெயிலில் கல்லாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரம். ஆறு வருஷம் தாண்டிய டயரில் சித்திரை வெயிலில் நூறில் போகிற தைரியம் எனக்கில்லை. ஸ்டெப்னியின் எண்ணையும் பாருங்கள். என்னுடையது வண்டியோடு வந்த 2010-ம் வருஷத்து டயராகவே 2021 வரை டிக்கியில் கிடந்தது.

பிரேக்

கீச்சென்று சன்னமாகக் கத்தினால் பேட் தேய்ந்துவிட்டது என்று அதிலுள்ள தகடு சொல்கிறது. சில நூறு கிலோமீட்டர் அவகாசம் உண்டு. கரகரவென்று இரும்பும் இரும்பும் அரைத்தால் அவகாசம் முடிந்துவிட்டது. டிஸ்க்கும் சேர்ந்து போகிறது. மழை பெய்த மறுநாள் காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு மட்டும் கரகரத்தால் அது துரு, தானே போய்விடும்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, இரண்டு முறை மிதித்தால் கெட்டியாகிறது என்றால் லைனில் காற்று. மலையிறக்கத்தில் மட்டும் அப்படி ஆனால் பிரேக் ஆயில் பழசாகிவிட்டது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்தக் கணக்கு 155-க்கு வந்துவிடும். தென்மலையிலிருந்து திரும்பி செங்கோட்டைக்கு இறங்கும்போது பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் அந்தச் சூடு எளிதாக வரும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள், இறக்கத்தில் ஏறின கியரிலேயே இறங்குங்கள். நிறத்தை மட்டும் பார்த்து ஆயிலை முடிவு செய்யாதீர்கள், வருஷத்தைப் பாருங்கள்.

பெடல் மிதிக்க மிதிக்கத் தரைக்குப் போகிறதா? இதற்கு வழிமுறை எதுவும் இல்லை. வண்டியை எடுக்காதீர்கள்.

பிக்கப் இல்லை, மிஸ்ஸிங், மைலேஜ் போச்சு

சாத்தான்குளம், திசையன்விளை, உடன்குடிப் பக்கத்துத் தேரி மண்ணில் ஓடுகிற வண்டிக்குப் புத்தகத்தில் போட்டிருக்கிற ஏர் ஃபில்டர் கணக்கு செல்லாது. அந்தச் செம்மண் மாவு போல இருக்கும். முன்னால் ஒரு டெம்போ போனால் போதும். மூடியைத் திறந்து ஃபில்டரை வெயிலுக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். கம்ப்ரஸரால் ஊதி ஊதிப் போடுவது ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், தாள் கிழிந்தால் மண் நேரே சிலிண்டருக்குள் போகும்.

எஞ்சின் நிலையில் நிற்கும்போதே குலுங்குகிறது, ஏறும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது. இதுதான் மிஸ்ஸிங், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. செக் எஞ்சின் லைட் எரிந்தால் நல்லதென்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனர் போட்டால் பதில் வரும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0303 என்றால் மூன்றாவது. முதலாவது என்று வந்தால் அதன் காயிலை மூன்றாவதோடு மாற்றி மாட்டி, ஸ்கேனரில் அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி மறுபடி ஸ்கேன் பண்ணுங்கள். கோளாறும் மூன்றாவதுக்கு நகர்ந்தால் காயில் குற்றவாளி. அங்கேயே நின்றால் பிளக்கை அதே மாதிரி மாற்றிப் பாருங்கள். இந்தச் சோதனைக்குச் செலவு சுழியம். நாலு காயிலையும் ஒரே நாளில் மாற்றச் சொன்ன இடத்தில் நான் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். செக் எஞ்சின் லைட் நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் மட்டும் ஓட்டத்தைக் குறையுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய், புகையைச் சுத்தம் பண்ணுகிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எரிக்கும், அதன் விலை கேட்டால் மயக்கம் வரும்.

2025-ல் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிற ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு; ஆகையால் மைலேஜ் கொஞ்சம் குறைவது கோளாறு அல்ல. என் வண்டி அந்தக் கலவையை மனதில் வைத்துச் செய்ததில்லை, அதனால் பெட்ரோல் குழாய்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை விரலால் அழுத்திப் பார்க்கிறேன். வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தாலும், காலையில் பானட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தாலும் அன்றைக்கே மாற்றுங்கள். லிட்டருக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் போய்விட்டது என்றால் எத்தனால் மேல் போடாமல் ஏர் ஃபில்டர், டயர் காற்று, பிடித்தபடி நிற்கும் பிரேக் என்று தேடுங்கள்.

புகைக்கு நிறம் போதும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது: ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வந்தால் வால்வ் சீல், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். கறுப்பு என்றால் பெட்ரோல் கூடுதல். குளிர்ந்த காலையில் வரும் வெள்ளை ஆவியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆயில் எரிக்கிற பழைய எஞ்சினை உடனே இறக்க வேண்டுமென்பதில்லை. மாதம் இரண்டு முறை, சமதளத்தில், எஞ்சின் நிறுத்தி ஐந்து நிமிஷம் கழித்து கேஜ் பார்த்து ஊற்றிக்கொண்டே பல வருஷம் ஓட்டலாம். ஆயில் மாற்றுவதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அது. என் வண்டிக்கு எப்போதும் வருஷம்தான் முந்துகிறது.

இன்னொன்று, அறிகுறியே காட்டாமல் எஞ்சினைக் கொல்வது: வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கிற டைமிங் பெல்ட். உங்கள் வண்டியில் இருப்பது பெல்ட்டா செயினா என்று கையேட்டில் பாருங்கள். பெல்ட் என்றால், எத்தனை கிலோமீட்டருக்கு அல்லது எத்தனை வருஷத்துக்கு மாற்றச் சொல்லியிருக்கிறதோ அதைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய வண்டி வாங்கி, பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்றவருக்கே தெரியாவிட்டால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடியில் சத்தம்

வேகத்தடையில் ‘டொக்’ என்றால் ஸ்டெபிலைசர் லிங்க்கிலிருந்து தொடங்குங்கள், அதுதான் விலை குறைவு. பிறகு லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட். ஷாக் அப்சார்பர் கடைசி. முழுக்க ஒடித்துத் திரும்பும்போது ‘கட கட கட’ என்றால் சி.வி. ஜாயின்ட், அதற்கு முன்பே ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் ரிம்முக்குள் தெறித்திருக்கும். பூட் கிழிந்த அன்றே கவனித்தால் சில நூறு ரூபாயோடு முடியும். வேகம் ஏற ஏற விமானம் மாதிரி முழங்கி, வளைவில் ஒரு பக்கம் சாயும்போது மாறினால் வீல் பேரிங். வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடப்பக்க பேரிங்கைச் சந்தேகப்படுங்கள், பாரம் அங்கேதான் சாய்கிறது.

ஏசியும் கிளட்சும்

ஓடும்போது குளிர்ந்து, நின்றால் அனல் வந்தால் கண்டென்சர் ஃபேன் அல்லது கண்டென்சரில் மண். காற்றே மெதுவாக வந்தால் கேபின் ஃபில்டர். வருஷா வருஷம் “கேஸ் குறைஞ்சிட்டு” என்று ஏற்றிக்கொள்ளாதீர்கள். கேஸ் தேய்ந்து போகிற பொருள் இல்லை. எங்கோ ஓட்டை இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது நல்லது. உள்ளே சொட்டினால் வடிகுழாய் அடைத்திருக்கிறது.

மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் ஏறி, வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. பெடலை மிதித்ததும் ஒரு முனகல் சத்தம், விட்டால் நிற்கிறது என்றால் ரிலீஸ் பேரிங். எப்படியும் கியர்பாக்ஸை இறக்கப் போவதால் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் ஒன்றாகவே மாற்றுங்கள். நான் ஊகத்தில் மாற்றச் சொல்லும் ஒரே இடம் இது.

தண்ணீரில் நின்ற வண்டி, எலி புகுந்த வண்டி

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. தாமிரபரணி ஏறி ஜங்ஷன் பேருந்து நிலையமே குளமாக நின்றது. மீனாட்சிபுரத்தில் என் நண்பனின் வண்டி சீட் மட்டத்துக்கு மூழ்கியிருந்தது. தண்ணீர் வடிந்ததும் ஆசையில் சாவியைத் திருப்பிவிட்டான். சிலிண்டருக்குள் காற்று அமுங்கும், அங்கே புகுந்த தண்ணீர் அமுங்காது. ஒரே சுற்றில் கனெக்டிங் ராட் வளைந்தது.

மூழ்கிய வண்டியில் சாவியையே செருகாதீர்கள். படம் எடுங்கள், பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றுங்கள், இன்சூரன்சுக்குச் சொல்லுங்கள், கட்டி இழுத்துப் போங்கள். ஸ்டார்ட் பண்ணப் பார்த்ததால் எஞ்சின் உடைந்தது என்று தெரிந்தால் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்கள். எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்க வேண்டும். பட்டறையில் பிளக்கை எல்லாம் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில் எல்லாம் மாற்றிய பிறகே ஸ்டார்ட் பண்ணுவார்கள்.

அம்பாசமுத்திரத்தில் வேறு பிரச்சினை. பிசான நெல் அறுத்து முடிந்ததும் வயலில் தீனி இல்லாத எலி ஊருக்குள் வரும். ராத்திரி சூடான எஞ்சினுக்கு மேல் குடியிருந்து வயரைக் கடிக்கும். நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டி காலையில் ஏதேதோ லைட் எரிந்து நின்றால், எந்தச் சாமானையும் வாங்கும் முன் பானட்டைத் திறந்து டார்ச் அடியுங்கள். எலிப்புழுக்கை இருக்கிறதா, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் வைக்கோல் இருக்கிறதா? மாமனார் புகையிலைக் காம்பைக் கட்டித் தொங்கவிடச் சொன்னார். எலி அதையும் தின்றது. இப்போது அங்கே போனால் ராத்திரி பானட்டைத் திறந்து வைத்துவிட்டுப் படுக்கிறேன். இருட்டும் கதகதப்பும் இல்லாவிட்டால் அது தங்குவதில்லை.

மூன்று மாதம் நின்ற வண்டி

பாளையங்கோட்டையில் பாதி வீட்டுப் போர்டிகோவில் இப்படி ஒரு செடான் நிற்கும். மகன் துபாயில், அப்பா சென்னையில். ஊருக்கு வந்த அன்றே சாவியைப் போட்டுத் திருச்செந்தூருக்குக் கிளம்புவார்கள்.

கிளம்பும் முன் பேட்டரி வோல்ட் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் ஜம்பர் கேபிள் போட்டு ஓட்டிக்கொண்டே சார்ஜ் ஏற்றிவிடலாம் என்று நம்பாமல், வெளியில் சார்ஜ் ஏற்றி மாட்டுங்கள். டயர் காற்று குறைந்திருக்கும், அடிப்பக்கம் தட்டையாகியிருக்கும். முதல் பத்து கிலோமீட்டர் நடுங்கிவிட்டு அடங்கினால் சரி. அடியில் ஆயில் சொட்டுக் கறை இருக்கிறதா என்று முன்னால் நகர்த்தும் முன்பே பாருங்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆகி, கியர் போட்டால் பின்பக்கம் மட்டும் அமுங்கி நகராமல் நின்றால் ஹேண்ட் பிரேக் டிரம்மில் துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது. ஆக்சிலேட்டரை அழுத்திப் போராட வேண்டாம். ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, ரிவர்சும் ஃபர்ஸ்ட்டுமாக மாற்றி மாற்றி மெதுவாக அசைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ‘டப்’ என்று விட்டுக்கொடுக்கும். விடாவிட்டால் எஞ்சினை நிறுத்தி, முன் சக்கரத்துக்குக் கல் வைத்து, பின் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைச் சுற்றிலும் சுத்தியலால் மெல்லத் தட்டச் சொல்லுங்கள். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு இரண்டு செங்கல் வைத்துவிட்டுப் போங்கள்.